இன்னொரு தடவை சொல்றீங்களா?

(கரடியூரில், மலைப்பணிக்குப் புதிதாய் வந்தோர்க்கும், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்குப் பணியாற்றச் செல்லவிருப்போர்க்கும் ஆற்றிய உரை)



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கும், அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் வழியே இந்தக் கரடியூருக்கும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பயணக் களைப்பைப் பாராமல் அமர்ந்திருக்கும் உங்களிடம் நாங்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. ஒரே ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

உங்களில் ஒரு சாரார் கேரளத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்தவர்கள். தமிழ் இனிமேல்தான் பழக வேண்டும். மற்றொரு சாரார் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் ஸ்பெயினுக்கோ தென் அமெரிக்காவுக்கோ பணிக்குப் போக ஆயத்தப்படுகிறவர்கள். ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. அங்கே போய் இறங்கும் நாளில் நீங்களும் சிறு பிள்ளைகளைப் போலத்தான் பேசத் தொடங்க வேண்டும். ஆகவே இரு சாராருக்கும் பாடம் ஒன்றே: மொழியைக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர், அம்மொழி பேசுகிறவரிடம் மரியாதையாகக் கேள்வி கேட்பது எப்படி?

எங்களைத் தாங்கிவரும் நண்பர்கள் பிற்பாடு இந்த உரையை மடலில் வாசிப்பார்கள். அவர்கள் கொடுத்த கட்டிலையும், கண்ணாடி அலமாரியில் இருக்கும் மருந்தையும் படம் பிடித்து அனுப்பி வைக்கலாம். நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வியைப் படம் பிடிக்க முடியாது. ஆயினும் அந்தக் கேள்வி சரியாக அமையாவிட்டால் கட்டிலும் மருந்தும் இருந்தும் பயனில்லை. அதற்கு ஒரு சாட்சியத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1980ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் கியூபா நாட்டுவழியினர், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். பையனுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அவர்கள் ‘இன்தோக்சிகாதோ’ என்ற சொல்லைச் சொன்னார்கள். சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டுவிட்டது என்பது அவர்கள் வழக்கில் அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல்லுக்குப் போதை என்று பொருள். போதை மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டவர் என்று எண்ணி அதற்குரிய சிகிச்சை நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது இரண்டு நாளுக்கு மேல் கண்டுபிடிக்கப்படவில்லை. பிழைத்தார். ஆனால் கை கால் நான்கும் செயலற்றுப்போயின. வழக்கு முடிவில் அவருடைய ஆயுட்காலத்திற்கென 7 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைக்கு உடன்பாடு ஆயிற்று. பணம் வந்தது, கால்கள் வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே யாரும் அலட்சியமாகப் பேசவில்லை. இரு தரப்பாரும் தங்களுக்கு விளங்கிவிட்டதாகவே நினைத்தார்கள். அதனால் மொழிபெயர்ப்பாளரை யாரும் தேடவில்லை. ‘அந்தச் சொல்லுக்கு நீங்கள் என்ன பொருளில் சொல்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிற்று.

இனி, கேட்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, கேட்பதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

ஸ்பானிய எழுத்தில் ஒரு விசேஷம் உண்டு. கேள்வி வாக்கியத்தின் முடிவில் மட்டுமல்ல, தொடக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். அது தலைகீழாக நிற்கும். ஸ்பானிய மொழிக் கழகம் 1754இல் இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது. வாசிக்கிறவர் கேள்வி வருகிறது என்று முன்னமே அறிந்து குரலைத் திருத்திக்கொள்ள அது உதவும். நம் தமிழிலோ ‘ஆ’ என்ற கேள்வி எழுத்து கடைசியில்தான் வரும். ‘வலிக்குது’ என்பதற்கும் ‘வலிக்குதா’ என்பதற்கும் நடுவே அந்த ஒரு நெடில்தான் வேறுபாடு. புதிதாய்ப் பேசுகிறவர் வாயில் அது பல வேளைகளில் தேய்ந்துபோகும். நீங்கள் கேட்டீர்களா, சொன்னீர்களா என்று நோயாளிக்கு விளங்காது.

ஆகவே கேள்விக்கு முன்னால் ஒரு தலைகீழ்க் கேள்விக்குறியை வாயாலும் போட்டுப் பழகுங்கள். தமிழில், ‘ஐயா, ஒன்னு கேக்கலாமுங்களா?’ ஸ்பானியத்தில், ‘திஸ்குல்பே, லே புவேதோ ஆசேர் ஊனா ப்ரெகுந்தா?’ அதாவது, ‘மன்னிக்கணும், உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா?’ இதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் தம் பேச்சை நிறுத்தி, உங்கள் உச்சரிப்பைப் பொறுத்துக்கொள்ளத் தயாராகிவிடுவார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, பெரிய சொல்லிலிருந்து தொடங்குங்கள்.

நமக்கு நீ, நீங்கள் என்று இருப்பதுபோல ஸ்பானியருக்குத் ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று இரண்டு உண்டு. ‘உஸ்தெத்’ என்பது ‘தங்கள் கிருபை’ என்ற பொருள்தரும் பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்த சொல். ஸ்பெயினில் அறியாதவர்களையும் சீக்கிரத்தில் ‘தூ’ என்று அழைத்துவிடுவார்கள். கொலம்பியாவின் பல பகுதிகளில் நண்பர்களுக்குள்ளேயே ‘உஸ்தெத்’ என்பார்கள். எங்கே எது பொருந்தும் என்று புதியவருக்குத் தெரியாது. ஆகவே யாரிடமும் ‘உஸ்தெத்’ என்று தொடங்குங்கள். அவர்களாகவே ‘தூ என்றே சொல்லலாம்’ என்பார்கள். அப்போது மாறினால் போதும்.

இங்கேயும் அப்படித்தான். வயதானவரோ, கூலி வேலைக்குப் போகிறவரோ, பள்ளிக்கூடம் போகாதவரோ, எவராயினும் ‘வாங்க, உட்காருங்க, சொல்லுங்க’ என்றே தொடங்க வேண்டும். சேலத்துப் பக்கத்தில் ‘ங்க’ சேராத பேச்சு கட்டளையைப் போல ஒலிக்கும். பாட்டி உங்களை ‘வா கண்ணு, நீ எந்த ஊரு?’ என்று ஒருமையில் கூப்பிடுவார். அது அவர் காட்டும் பிரியம். அதைக் கேட்டு நீங்களும் ஒருமையில் திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. ‘பாட்டி’, ‘ஐயா’, ‘அக்கா’, ‘அண்ணே’ என்று முறை வைத்துக் கூப்பிட்டால் இலக்கணப் பிழைகள் ஆயிரம் இருந்தாலும் மன்னிப்பார்கள்.

மூன்றாவது, ‘வேணும்’ என்ற சொல்லை அடக்கிவையுங்கள்.

எந்த மொழியிலும் கற்பவர் முதலில் பிடித்துக்கொள்ளும் சொல் ‘வேணும்’ என்பதுதான். ‘ரத்தம் வேணும்’, ‘கையெழுத்து வேணும்’, ‘கை குடு’ என்று சொல்லி வேலையை நடத்திவிடலாம். ஆனால் அது கேள்வி ஆகாது. ‘கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கலாமுங்களா?’ என்பதே கேள்வி. ஸ்பானியத்தில் ‘கியேரோ’ என்றால் ‘எனக்கு வேண்டும்’. அதையே ‘கிசியேரா’ என்று மாற்றிச் சொன்னால், ‘விரும்புகிறேன், உங்களுக்குச் சம்மதமானால்’ என்ற பணிவு வந்துவிடும். ‘புவேதே’ என்றால் ‘உங்களால் முடியுமா’. ‘போத்ரியா’ என்றால் அதையே இன்னும் பணிவாக, ‘முடியுங்களா’ என்பது போல.

இந்த ‘வேணும்’ என்ற சொல்லுக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் 1506இல் பிறந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த சிலரைக் கூட்டிவைத்து, மிகுந்த பிரயாசத்துடன் ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நுழைந்துவிட்டது. அதை அறிந்தபின், தம்முடன் உழைத்த மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, ‘வேணும்’ என்பதற்கு ‘விரும்புகிறேன்’ என்று பொருள், ஆகையால் அந்தச் சொல்லை மாற்றுங்கள் என்று அறிவுறுத்தினார். மனப்பாடம் செய்த பின்னும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு அறிந்ததினால்தான் அந்தத் திருத்தம் நடந்தது.

நான்காவது, விளங்காததை விளங்கியதுபோல் தலையசைக்காதீர்கள்.

இது எல்லாவற்றிலும் முக்கியமானது. மறுபடி கேட்டால் மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பொய்யாய்த் தலையசைப்பதே நோயாளியை அவமதிப்பது. ‘மன்னிக்கணும், நான் தமிழ் படிச்சுக்கிட்டிருக்கேன், இன்னொரு தடவை மெதுவா சொல்றீங்களா?’ இதை முதல் வாரத்திலேயே பாடம் செய்துவிடுங்கள். ஸ்பானியத்தில், ‘எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ. போத்ரியா ரெப்பெத்தீர்லோ மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்?’ ஒரு சொல் தெரியாவிட்டால் பொருளைக் காட்டி, ‘கோமோ செ தீசே எஸ்தோ?’ அதாவது, ‘இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். காதில் சரியாக விழாவிட்டால் ‘கே?’ என்று வெட்டிக் கேட்காதீர்கள். அது நம் ‘என்னா?’ போன்றது. மெக்சிகோவில் அந்த இடத்தில் ‘மாந்தே?’ என்பார்கள். ‘கட்டளையிடுங்கள்’ என்பது அதன் நேர்ப்பொருள். நம் பெரியவர்கள் ‘உத்தரவுங்க’ என்று சொல்லி நின்றதை அது நினைவூட்டும்.

தெரியாத சொல்லைக் காட்டிலும், தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே அதிக ஆபத்தானது. ஸ்பானியத்தில் ஒரு பெண் ‘எம்பராசாதா’ என்றால் அவள் கூச்சப்படுகிறாள் என்று ஆங்கிலம் படித்த நமக்குத் தோன்றும். அவள் சொன்னது, ‘நான் கர்ப்பமாயிருக்கிறேன்’ என்பது. ஸ்பெயினில் ஒருவர் ‘கோன்ஸ்திபாதோ’ என்றால் மலச்சிக்கல் அல்ல, சளி பிடித்திருக்கிறது. மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் ‘ஒருமுறை’ என்று எழுதும் சொல்லின் எழுத்துகளை ஸ்பானியர் ‘ஒன்சே’ என்று வாசிப்பார். அதற்குப் பொருள் பதினொன்று. ஒரு மாத்திரை பதினொன்றானால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்திலும் இவை குறைவில்லை. இம்மலை மக்கள் ‘நாங்க மலையாளிங்க’ என்பார்கள். கேரளத்துச் சகோதரிகள் மகிழ்ந்துபோய் மலையாளத்தில் பேசத் தொடங்க வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்களுடைய பரம்பரைச் செய்தி. ‘வெளிக்குப் போகலைங்க’ என்று ஒருவர் சொன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை என்று பொருளல்ல, மலம் கழியவில்லை. ‘சூடு பிடிச்சிருச்சு’ என்றால் காய்ச்சல் மானியை எடுக்கும் முன், ‘ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுங்களா?’ என்று கேளுங்கள்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது ‘பூச்சி’ என்ற சொல். பாம்பின் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, முக்கியமாக இரவில் சொல்லக்கூடாது என்பது நம் கிராமங்களின் பழக்கம். ‘பூச்சி கடிச்சிருச்சுங்க’ என்று வருகிறவருக்கு எறும்பும் கடித்திருக்கலாம், கண்ணாடி விரியனும் கடித்திருக்கலாம். தடவும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் போன உயிர் திரும்பாது. ‘எந்த மாதிரிப் பூச்சிங்க? பறக்கிறதா, ஊர்றதா? நீளமா இருந்துதுங்களா?’ என்று கேளுங்கள். அவர் சொல்லத் தயங்கும் பெயரைச் சொல்லவைக்காமலேயே உண்மை வந்துவிடும். மரியாதையும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும். ஊர்ந்தது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஐந்தாவது, எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று அறிந்துகொள்ளுங்கள்.

வயதான அம்மாவிடம் ‘உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?’ என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். கணவர் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். காதில் விழவில்லை என்று எண்ணி உரக்கக் கேட்காதீர்கள். கூட வந்த மகனையோ மருமகளையோ கேளுங்கள். புறப்படுகிறவரை ‘எங்கே போறீங்க?’ என்று கேட்பது சகுனத்தடை என்று நினைப்பார்கள். ‘தூரமுங்களா?’ என்றால் மனம் கோணாமல் பதில் வரும். பெண்களிடம் கேட்க வேண்டியவற்றை ஆண்கள் இல்லாத இடத்தில், தாழ்ந்த குரலில் கேளுங்கள். ‘முழுகாம இருக்கீங்களா?’ ‘தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சுங்க?’ பாடப்புத்தகத்தில் இச்சொற்கள் இல்லை. வார்டில் இருக்கும் ஆயாக்களிடம் கேட்டால் சொல்லித்தருவார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது, பெற்றது எத்தனை என்றும் இருப்பது எத்தனை என்றும் இரண்டையும் கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்விக்கு முன் சற்றுப் பொறுத்திருங்கள். அங்கே ஒரு தாய் அழக்கூடும்.

ஆறாவது, ‘இல்லை’ என்று சொல்ல இடம் வைத்துக் கேளுங்கள்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் நம் ஜனங்கள் அநேகமாய் ‘புரிஞ்சுதுங்க’ என்றுதான் சொல்வார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. அந்தக் கேள்வியில் ‘இல்லை’ என்ற பதிலுக்கு வழியே இல்லை. ஸ்பானியத்தில் ‘மே எந்தியெந்தே?’ என்றால், ‘நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா?’ குறை கேட்பவர்மேல் விழுகிறது. ‘மே எக்ஸ்ப்ளீகோ?’ என்றால், ‘நான் சரியாக விளக்கினேனா?’ குறை சொல்பவரையே சாரும். ஒரு வார்த்தை மாறினதும் நோயாளியின் தோளிலிருந்து சுமை இறங்கிவிடுகிறது.

தமிழில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘எனக்குத் தமிழ் சரியா வராது பாட்டி. நான் சொன்னது சரிதானான்னு பாக்கணும். இந்த மாத்திரைய எப்ப எப்ப போடுவீங்க, நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன்.’ பாட்டி சிரித்துக்கொண்டே, ‘காலையில ஒன்னு, ராவுக்கு ஒன்னு’ என்பார். அல்லது, ‘காய்ச்சல் வந்தாப் போட்டுக்கறேன்’ என்பார். அந்த இரண்டாவது பதில் வருமானால், அந்த ஒரு கேள்விக்கு நீங்கள் செலவழித்த இரண்டு நிமிடங்கள் ஆறு மாதக் காசநோய் மருந்தை வீணாகாமல் காத்துவிட்டன என்று அறியுங்கள். இங்கே உங்கள் அரைகுறைத் தமிழே உங்களுக்குத் துணை. எல்லாம் தெரிந்தவர் இப்படிக் கேட்டால் பரீட்சை வைப்பதுபோல் இருக்கும். கற்கிறவர் கேட்டால் பாட்டிக்கு வாத்தியார் ஸ்தானம் கிடைக்கிறது.

அந்த ஸ்தானத்தை மனதாரக் கொடுத்தவர் ஒருவரைச் சொல்லி முடிக்கிறோம். 1706இல் ஏறத்தாழ 24 வயதில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார் சீகன்பால்க். பள்ளிப் பிள்ளைகளுடன் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்றார். தமிழ் ஓரளவு வந்தபின்பும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. 1712 முதல் 1714 வரை அவரும் அவருடன் உழைத்த கிரண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். சமயம், ஒழுக்கம், வாழ்க்கை முறை என்று பலவற்றையும் விசாரித்தார்கள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714இலும் 1717இலும் ஹாலே நகரில் அச்சேறின. ஐரோப்பியர் நம் மக்களைப் பற்றி எழுதியவை அக்காலத்தில் ஏராளம். நம் மக்கள் தாங்களே சொன்ன பதில்கள் அச்சில் வந்தது அபூர்வம். கேட்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் அது ஆயிற்று.

நாளைக் காலையில் வெளிநோயாளர் பகுதியில் உங்களுக்கு வேலை தொடங்குகிறது. ஆளுக்கொரு சட்டைப்பை நோட்டு கொடுத்திருக்கிறோம். அதன் முதல் பக்கத்தில் நான்கு வாக்கியங்களை உங்கள் உங்கள் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஒன்னு கேக்கலாமுங்களா?’ ‘இன்னொரு தடவை மெதுவா சொல்றீங்களா?’ ‘இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?’ ‘நான் சொன்னது சரியா இருந்துதுங்களா?’ ஸ்பானிய நாடுகளுக்குப் போகிறவர்கள் இவற்றுக்கு எதிரே ஸ்பானிய வாக்கியங்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாய்க் கேட்ட சொல் ஒன்றை, சொல்லித்தந்தவர் பாட்டியா, அண்ணனா என்ற குறிப்போடு பின்பக்கங்களில் சேர்த்துவாருங்கள்.

மடலை வாசிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் உதவியில் ஒரு பங்கு மருந்தாகிறது, ஒரு பங்கு விளக்கெரிய உதவுகிறது. மற்றொரு பங்கு, ஒரு நர்ஸ் அவசரமில்லாமல் ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதற்கான நேரமாகிறது. அந்த நேரத்திற்காக இங்கே வந்துபோகும் ஒவ்வொருவர் சார்பிலும் உங்களுக்கு நன்றி கூறுகிறோம்.

எங்களுடைய பேச்சில் விளங்காதது எதுவும் இருந்தால் கூச்சப்படாமல் இப்போதே கேளுங்கள்.